எத்தனை பேருக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்?

மனைவி மக்களை அமெரிக்காவுக்குக் கூப்பிட்டுக்கொள்ள நினைக்கும் ஒருவருக்கு வருமானம் போதவில்லை என்றால், அவருக்காக இன்னொருவர் கையெழுத்துப் போடலாம். சொந்தக்காரராக இருக்க வேண்டும் என்பதில்லை. ஊர்க்காரர், கல்லூரித் தோழர், கோயிலில் பழக்கமானவர் என யார் வேண்டுமானாலும் போடலாம். வயது 18 முடிந்திருக்க வேண்டும், அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ இருக்க வேண்டும், குடியிருப்பு அமெரிக்காவில் இருக்க வேண்டும். இப்படிக் கையெழுத்துப் போடுபவரை ஜாயின்ட் ஸ்பான்சர் என்கிறோம். அவர் நிரப்பித் தரும் படிவம் ஐ-864. வருகிறவர் அரசாங்கத்தின் உதவித்தொகையை எதிர்பார்த்து நிற்க மாட்டார், அப்படி ஒரு நிலை வந்தால் நான் பார்த்துக்கொள்வேன் என்று எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தம் அது. ஊரில் சீட்டுக் கம்பெனியில் ஜாமீன் போடுவதைப் போன்ற காரியம்தான். ஆனால் சீட்டு இருபது மாதத்தில் முடிந்துவிடும். இந்த ஜாமீன் அப்படி முடிவதில்லை.

நியூ ஜெர்சியில் எடிசன் பக்கம் வருமான வரிக் கணக்குப் போட்டுக் கொடுப்பது என் தொழில். ஜனவரிக் கடைசியிலிருந்து ஏப்ரல் 15 வரை வீட்டுச் சாப்பாட்டு மேசையே எனக்கு ஆபீஸ். வரிக்கணக்கு முடிந்து கோப்பை மூடப் போகும் நேரத்தில் யாராவது "அக்கா, இன்னொரு சின்ன விஷயம்" என்று இழுத்தால், பெரும்பாலும் அது ஐ-864 தான். நான் வழக்கறிஞர் இல்லை. குடியேற்றப் படிவங்களில் ஆலோசனை சொல்ல வழக்கறிஞருக்கும் நீதித்துறையின் அங்கீகாரம் பெற்ற பிரதிநிதிக்கும்தான் உரிமை உண்டு. அவர்களிடம் போகும் முன் வருமானத்தையும் தலைகளையும் எண்ணிப் பார்க்க என்னிடம் வருகிறார்கள். அந்த எண்ணிக்கையில்தான் நிறையப் பேர் திகைத்துப் போகிறார்கள்.

யாரிடம் ஸ்பான்சர் கேட்பது என்று யோசிக்கும்போது நம் ஜனங்கள் தேர்ந்தெடுப்பது எப்போதும் ஒரே மாதிரியான ஆளைத்தான். கேட்டால் முகம் சுளிக்காதவர், போன வருஷம் இன்னொருவருக்குப் போட்டுக் கொடுத்தவர், அப்பா அம்மாவைக் கூட்டி வந்து கூடவே வைத்திருப்பவர். தங்கமான மனுஷர் என்று ஊரே சொல்லும். அவர் ஒவ்வொரு கையெழுத்தையும் தனித்தனி உதவியாக நினைக்கிறார். சட்டமோ எல்லாவற்றையும் ஒரே தாளில் கூட்டுகிறது. முன்பு போட்ட கையெழுத்துகள் இன்றைய நண்பரின் மனுவில் வந்து உட்கார்கின்றன. இன்று போடுவது, நாளை வரப்போகும் தம்பியின் மனுவில் போய் உட்காரும்.

2025 மார்ச்சில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். வந்தவர் மதுரைக்காரர், ஒரு கிடங்கில் மேற்பார்வையாளர். கணவனும் மனைவியும் சேர்ந்தே வந்திருந்தார்கள், ஏனென்றால் வரிக்கணக்கு இருவருக்கும் ஒன்றாகத்தான். அவருக்கு வருஷச் சம்பளம் 71,000 டாலர். மனைவி பள்ளியில் உதவியாளராக 22,000 வாங்குகிறார். வேலை முடிந்ததும் அவர் ஒரு காகிதத்தை எடுத்து வைத்தார். கல்லூரி நண்பர் ஒருவர் கிரீன் கார்டில் இருக்கிறார். மனைவிக்கும் மகனுக்கும் மனுப் போட்டுச் சில ஆண்டுகள் காத்திருந்து, இப்போது முறை வந்திருக்கிறது. வந்த நேரத்தில் நண்பருக்கு வேலை போய்விட்டது. ஓர் உணவகத்தில் பகுதி நேரம் பார்க்கிறார். நண்பரும் தன் பங்குக்கு ஐ-864 போட்டாக வேண்டும், மனுப் போட்டவர் என்பதால் அதற்கு விலக்கு இல்லை. ஆனால் அவர் வருமானம் எட்டாததால் இவர் ஜாயின்ட் ஸ்பான்சராக நிற்கப் போகிறார்.

"ரெண்டு பேருக்குத்தானேக்கா போடுறேன். என்னையும் சேர்த்தா மூணு. மூணு பேருக்கு முப்பத்து மூவாயிரம் டாலர்னு போட்டிருக்கு. நான் எழுபத்தோராயிரம் வாங்குறேன். இதுல என்னக்கா சிக்கல் வரப் போகுது?"

அவர் பார்த்த தொகை சரிதான். ஒவ்வோர் ஆண்டும் அமெரிக்க அரசு வறுமைக்கோட்டு அளவை வெளியிடுகிறது. அதில் 125 விழுக்காடு ஸ்பான்சரின் வருமானமாக இருக்க வேண்டும். ராணுவப் பணியில் இருப்பவர் மனைவிக்கோ கணவனுக்கோ பிள்ளைக்கோ போட்டால் மட்டும் 100 விழுக்காடு போதும். அலாஸ்கா, ஹவாய் தவிர மற்ற மாநிலங்களுக்கு 2025ஆம் ஆண்டு அளவின்படி மூன்று பேர் கொண்ட குடும்பத்துக்கு 33,312 டாலர். அதற்கு மேல் ஒவ்வொரு தலைக்கும் 6,875 டாலர் கூடும். ஆண்டுக்கு ஆண்டு இது மாறும், அதனால் கையெழுத்துப் போடும் ஆண்டின் அட்டவணையைத்தான் பார்க்க வேண்டும்.

அவர் தவறவிட்டது 'குடும்பம்' என்று சட்டம் யார் யாரைக் கணக்கில் எடுக்கிறது என்பதை. மேசையில் கிடந்த மஞ்சள் தாளில் எழுத ஆரம்பித்தேன். அவர், மனைவி, பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள், ஆக 4. மனைவி சம்பாதித்தாலும் சம்பாதிக்காவிட்டாலும் கணக்கில் உண்டு. 21 வயதுக்குக் கீழ் உள்ள, கல்யாணமாகாத பிள்ளைகள் எல்லாரும் உண்டு. வரிக்கணக்கில் சார்ந்திருப்போராகக் காட்டுகிறவர்களும் உண்டு. 2014இல் இவரே ஸ்பான்சர் செய்து கூட்டி வந்த அப்பா அம்மா 2, ஆக 6. அவர்களை வரிக்கணக்கிலும் காட்டுகிறார், ஆனாலும் ஒருவரை இரண்டு முறை எண்ண வேண்டியதில்லை. புதிதாக வரப்போகும் நண்பரின் மனைவியும் மகனும் 2. மொத்தம் 8.

"வேற யாருக்காவது முன்னாடி கையெழுத்துப் போட்டிருக்கீங்களா தம்பி?" என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். மனைவிதான் நினைவுபடுத்தினார், "கொரோனாவுக்கு முன்னாடி உங்க கூட வேலை பார்த்தவரோட வீட்டம்மாவுக்குப் போட்டீங்களே."

9 ஆகிவிட்டது. ஒன்பது பேருக்கு 74,562 டாலர் வேண்டும். அவருடைய சம்பளம் 71,000. முப்பத்து மூவாயிரம் இருந்தால் போதும் என்று வந்தவருக்கு மூவாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம் பற்றவில்லை.

"வரிக்கணக்குல தொண்ணூத்து மூவாயிரம்னுதானே இருக்கு?" என்றார் அவர். இருக்கிறது. 1040 படிவத்தின் 9ஆம் வரியில் மொத்த வருமானம் 93,000 என்று இருவரின் சம்பளமும் சேர்ந்து நிற்கிறது. ஆனால் ஸ்பான்சர் அவர் ஒருவர். ஒன்றாகக் கணக்குக் காட்டினாலும், அவருடைய டபிள்யூ-2 சம்பளத் தாளில் உள்ளது மட்டுமே அவருடைய வருமானம். மனைவியின் 22,000த்தைச் சேர்க்க வேண்டுமானால் மனைவி தனியாக ஐ-864ஏ என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.

அதுவரை பேசாமல் இருந்த அந்தப் பெண் அப்போது கேட்டார். "நான் கையெழுத்துப் போட்டா, நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா என்னையும் கோர்ட்டுக்கு இழுக்கலாமாக்கா?"

இழுக்கலாம். ஐ-864ஏ-யில் கையெழுத்துப் போட்டவர் ஸ்பான்சரோடு சேர்ந்தும் தனியாகவும் முழுப் பொறுப்பாளி. பாதிப் பொறுப்பு என்று ஒன்று அதில் இல்லை. கணவனின் நண்பருக்காக, ஒரே ஒரு முறை கல்யாண வீட்டில் பார்த்த ஒரு பெண்ணுக்காக, அவர் அந்தப் பொறுப்பை ஏற்க வேண்டும். நம் வீடுகளில் இந்தத் தாளை "இங்க ஒரு கையெழுத்துப் போடும்மா" என்று நீட்டுவதைப் பார்த்திருக்கிறேன். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பதறும். அந்தப் பக்கங்களை உட்கார்ந்து படிக்கவும், வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லவும் அந்த அம்மாவுக்கு உரிமை இருக்கிறது. அன்றைக்கு நான் அதைத்தான் சொன்னேன்.

அப்புறம் இன்னொன்று கேட்டேன். பழைய அலுவலக நண்பரின் மனைவி இப்போது என்ன ஆனார்? இவருக்குத் தெரியவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே போன் போட்டார். நலம் விசாரித்து முடித்து மெல்லக் கேட்க, அந்தப் பக்கம் இருந்தவர் சொன்னார்: "அவ சிட்டிசன் ஆகி ரெண்டு வருஷம் ஆச்சேப்பா. உன்கிட்டச் சொல்லலையா?"

மஞ்சள் தாளில் ஒரு தலையை அடித்தேன். குடியுரிமை வாங்கிய நாளோடு ஸ்பான்சரின் பொறுப்பு முடிந்துவிடும். எட்டுப் பேருக்கு 67,687 டாலர் போதும். 71,000 தாராளமாக நிற்கும். மனைவி கையெழுத்துப் போட வேண்டிய அவசியமே எழவில்லை.

அந்த ஒரு போன் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. பொறுப்பு எப்போது முடிகிறது என்பது சட்டத்தில் தெளிவாக இருக்கிறது. வந்தவர் குடியுரிமை பெற வேண்டும். அல்லது சோஷியல் செக்யூரிட்டி கணக்கில் அவருக்கு 40 காலாண்டு வேலை சேர வேண்டும். அல்லது அவரோ ஸ்பான்சரோ இறக்க வேண்டும். அல்லது கிரீன் கார்டு நிலையைத் துறந்து நாட்டை விட்டு நிரந்தரமாகப் போக வேண்டும். நாடுகடத்தல் வழக்கில் புது ஸ்பான்சரோடு மறுபடி கிரீன் கார்டு வாங்கினாலும் பழையவரின் பொறுப்பு தீரும். அதோடு பட்டியல் முடிந்தது. விவாகரத்து அதில் இல்லை. நட்பு முறிவதும் இல்லை. ஐந்து ஆண்டு ஆவதும் இல்லை.

அந்த "அஞ்சு வருஷம்" எங்கிருந்து கிளம்பியதோ தெரியவில்லை, எல்லார் வாயிலும் இருக்கிறது. ஐந்து ஆண்டில் குடியுரிமைக்கு மனுப் போடலாம் என்பதுதான் உண்மை. மனுப் போட்டுத் தேர்வில் தேறிச் சத்தியப் பிரமாணம் எடுத்தால்தான் பொறுப்பு தீரும். மதுரைக்காரரும் அப்பா அம்மாவைக் கணக்கிலிருந்து எடுத்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தார். 2014இல் வந்தவர்கள் பதினோரு ஆண்டு ஆகியும் கிரீன் கார்டில்தான் இருக்கிறார்கள். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. 55 வயதைக் கடந்து, கிரீன் கார்டோடு 15 ஆண்டு இங்கே வாழ்ந்தவர்களுக்கு ஆங்கிலத் தேர்விலிருந்து விலக்கு உண்டு, கேள்விகளுக்குத் தமிழிலேயே பதில் சொல்லலாம். அவருக்கு அந்த வழி திறக்க 2029 ஆகும். உடல்நிலையோ மனநிலையோ காரணம் என்று மருத்துவர் சான்றளித்தால் முன்னதாகவே விலக்குக் கேட்கலாம், ஆனால் எல்லா முதியவர்களுக்கும் அது பொருந்தாது.

40 காலாண்டு என்பது குறைந்தது பத்து ஆண்டு உழைப்பு. 2025இல் 1,810 டாலர் சம்பாதித்தால் ஒரு காலாண்டு கணக்கில் ஏறும், ஓராண்டில் நான்குக்கு மேல் ஏறாது. கணவன் மனைவியாக வாழும் காலத்தில் துணைவர் சம்பாதித்த காலாண்டுகளும் சேரும் என்பதால் இளம் தம்பதிகளுக்கு இது எளிது. எழுபது வயதில் வந்து பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பாட்டிக்கு இந்தக் கணக்கு ஏறாது. அவர் நாள் முழுதும் வேலைதான் செய்கிறார், ஆனால் அது சோஷியல் செக்யூரிட்டிக்குத் தெரியாது. குளிர் தாங்காமல் கோயம்புத்தூருக்கோ திருநெல்வேலிக்கோ திரும்பிப் போய்விட்ட பெற்றோரும் அப்படித்தான். கிரீன் கார்டைப் பீரோவில் வைத்துக்கொண்டு, "முடிஞ்சா அடுத்த கோடைக்கு வர்றோம்" என்று சொல்லிக்கொண்டிருக்கும்வரை அவர்களும் மகனின் கணக்கில் இருவர். கார்டை முறையாக ஒப்படைத்தால்தான் தலை குறையும்.

ஆகவே நண்பருக்காகக் கையெழுத்துப் போடும் முன் யாருக்கு என்பதையும் பார்க்க வேண்டும். முப்பது வயது மனைவிக்குப் போடும் கையெழுத்தும், எழுபது வயது அப்பாவுக்குப் போடும் கையெழுத்தும் தாளில் ஒன்றே, ஆயுளில் வேறு. முதலாவது ஆறேழு ஆண்டில் தீரக்கூடியது. இரண்டாவதை, அந்தப் பெரியவரின் காலம் உள்ளவரை இருக்கும் என்று வைத்துக்கொண்டே முடிவெடுக்க வேண்டும்.

மதுரைக்காரரின் தாளில் இன்னொரு பக்கமும் இருந்தது. அவர் 2007இல் தன் தம்பிக்கு மனுப் போட்டிருக்கிறார். உடன்பிறப்புகளுக்கான வரிசையில் இந்தியாவில் பிறந்தவர்களுக்கு இருபது ஆண்டை நெருங்கும் காத்திருப்பு. தம்பி, அவர் மனைவி, இரண்டு பிள்ளைகள் என நாலு பேர். மனுப் போட்டு வைத்திருப்பதாலேயே அவர்கள் இன்றைய கணக்கில் வர மாட்டார்கள். முதலில் போடும் மனு ஐ-130, அதில் பணப் பொறுப்பு எதுவும் இல்லை. முன்பு ஸ்பான்சர் செய்து இப்போது கிரீன் கார்டு வாங்கிவிட்டவர்கள் எத்தனை பேர் என்றுதான் ஐ-864 கேட்கிறது. ஆனால் தம்பியின் முறை வரும்போது, நண்பரின் மனைவியும் மகனும் அந்தக் கேள்விக்கான பதிலில் நிற்பார்கள்.

எழுதிப் பார்த்தோம். நண்பருக்குப் போடாவிட்டால் வீட்டில் ஆறு, தம்பி குடும்பம் நாலு, மொத்தம் பத்துப் பேர். 2025 கணக்கில் 81,437 டாலர். மனைவியும் கையெழுத்துப் போட்டால் 93,000 இருக்கிறது, போதும். நண்பருக்குப் போட்டால் பன்னிரண்டு பேர், 95,187 டாலர். மனைவி சேர்ந்தாலும் 2,187 குறைகிறது. உடன்பிறந்த தம்பி பதினெட்டு ஆண்டாகக் காத்திருக்கிறான். கல்லூரித் தோழனோ இப்போது கண்ணெதிரே நிற்கிறான். இருவரும் ஒரே சம்பளத்துக்குள் நிற்க வேண்டியிருக்கிறது என்பதை அந்த மனிதர் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை.

அடுத்த வாரம் ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் போய் வந்து சொன்னார். நண்பர் கிரீன் கார்டு வாங்கி ஐந்து ஆண்டு கடந்துவிட்டது. மனைவியும் மகனும் வந்து இறங்கியதும் அவர் குடியுரிமைக்கு மனுப் போட வேண்டும். மகன் 18 வயதுக்குள், கிரீன் கார்டோடு அப்பாவின் பொறுப்பில் இங்கேயே வாழ்கிறவன் என்றால், அப்பா குடிமகனாகும் நாளில் மகனும் தானாகவே குடிமகன். 2000ஆம் ஆண்டின் குழந்தைகள் குடியுரிமைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. அன்றே அந்தப் பையன் ஸ்பான்சரின் கணக்கிலிருந்து இறங்கிவிடுவான். பன்னிரண்டு பதினொன்றாகும், 88,312 டாலர் போதும், தம்பிக்கு வழி கிடைக்கும். அவர்கள் வருவதற்கு முன்பே நண்பர் அவசரப்பட்டுக் குடியுரிமை வாங்கிவிடக் கூடாது என்பதையும் வழக்கறிஞர் சொல்லியிருக்கிறார். வாங்கினால் மனைவியின் மனு வேறு வகைக்கு மாறிவிடும், மகன் அதில் ஒட்டிக்கொண்டு வர முடியாது, அவனுக்குத் தனி மனு போட வேண்டும்.

இதையெல்லாம் நண்பரிடம் பேசிய பிறகுதான் மதுரைக்காரர் கையெழுத்துப் போட்டார். ஒரு நண்பரின் குடியுரிமை மனு, இன்னொருவரின் தம்பி குடும்பத்துக்கு இவ்வளவு முக்கியமாகும் என்று இருவரும் நினைத்திருக்க மாட்டார்கள். பேசியதால் தெரிந்தது.

வருமானத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், இது என் தொழில் சார்ந்தது. சொந்தத் தொழில் செய்பவர்கள் வெளியில் பெரிய ஸ்பான்சராகத் தெரிவார்கள். மளிகைக் கடை, உணவகம், ஆளனுப்பும் நிறுவனம் என்று வைத்திருப்பார்கள், வீடு பெரியதாக இருக்கும். ஆனால் அவர்களின் தொழில் கணக்கைக் காட்டும் ஷெட்யூல் சி-யில் செலவெல்லாம் கழித்து நிகர லாபம் முப்பதாயிரம் என்று நிற்கும். ஸ்பான்சர் கணக்குக்கு வருவது அந்த முப்பதாயிரம்தான், கடையில் புரளும் பணம் இல்லை. வரியைக் குறைக்கச் சட்டப்படி எடுத்துக்கொண்ட ஒவ்வொரு கழிவும் ஸ்பான்சர் பலத்தையும் குறைத்திருக்கும். கிடங்கில் சம்பளம் வாங்குபவரின் டபிள்யூ-2 அதைவிடப் பலமாக நிற்பதை அடிக்கடி பார்க்கிறேன். போன ஆண்டைவிட இந்த ஆண்டு சம்பளம் கூடியிருந்தால் இப்போதைய வருமானத்தைக் காட்டலாம். சம்பளச் சீட்டும் வேலை கொடுப்பவரின் கடிதமும் இணைக்க வேண்டும்.

குறைகிற தொகைக்குச் சொத்தைக் காட்டலாம். பொதுவாகக் குறைவதைப் போல் ஐந்து மடங்கு வேண்டும். குடிமகன் தன் மனைவிக்கோ கணவனுக்கோ போடும்போது மூன்று மடங்கு. ஓராண்டுக்குள் காசாக மாற்றக்கூடிய சொத்தாக இருக்க வேண்டும்: வங்கி இருப்பு, பங்குகள், கடன் போக வீட்டின் மதிப்பு. இரண்டு ஜாயின்ட் ஸ்பான்சர்களைச் சேர்த்து ஒருவருக்குக் காட்ட முடியாது. ஆனால் ஒரு குடும்பத்துக்கு இருவர் வரை நிற்கலாம், மனைவிக்கு ஒருவர், மகனுக்கு இன்னொருவர் என்று பிரித்துக்கொள்ளலாம். பாரம் தாங்க முடியாத நல்ல மனசுக்காரர் ஒருவரின் தலையில் எல்லாவற்றையும் வைக்காமல் இருக்க இது நல்ல வழி. நம் ஆட்கள் பலருக்கு இப்படி ஒரு வழி இருப்பதே தெரியவில்லை.

சுற்றுலா விசாவுக்கு அழைப்புக் கடிதம் கொடுத்ததெல்லாம் இந்தக் கணக்கில் சேருமா என்று கேட்கிறார்கள். சேராது. மாமியார் மாமனார் ஆறு மாதம் தங்கிப் போக நீங்கள் கொடுத்த கடிதம் ஐ-864 இல்லை. சென்னையில் ஜெமினி மேம்பாலத்துக்குப் பக்கத்தில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் அந்த விசாவுக்கு நிற்பவர், தான் ஊர் திரும்புவேன் என்பதைத் தன் சொந்த வாழ்க்கையை வைத்தே காட்ட வேண்டும். அழைப்புக் கடிதம் கட்டாயமும் இல்லை. நீங்கள் பத்துப் பேருக்குக் கடிதம் கொடுத்திருந்தாலும் அது வேறு ஏடு. அதேபோல், கம்பெனி உங்களுக்கு எடுத்துக் கொடுத்த ஹெச்-1பி வேலை விசா, வேலை வழியாக வந்த கிரீன் கார்டு, அதோடு வந்த உங்கள் மனைவியின் கிரீன் கார்டு ஆகியவற்றுக்குப் பொதுவாக ஐ-864 கிடையாது. உறவினருக்குச் சொந்தமான கம்பெனி மனுப் போட்டிருந்தால் மட்டும் விதிவிலக்கு.

எண்ணாமல் போட்டால் என்ன ஆகிறது என்பது மும்பையில்தான் தெரிகிறது. இந்தியாவிலிருந்து குடியேற்ற விசாவுக்குப் போகிறவர்களில் பெரும்பாலோருக்கு நேர்காணல் மும்பைத் துணைத் தூதரகத்தில். திருச்சியிலிருந்து ஒரு பெண் பையனைக் கூட்டிக்கொண்டு விமானமேறி, முன்னதாகவே மருத்துவப் பரிசோதனை முடித்து, ஹோட்டலில் தங்கி, வரிசையில் நின்று சன்னலுக்குப் போகிறாள். ஸ்பான்சரின் வருமானம் அவருடைய குடும்ப எண்ணிக்கைக்குப் பற்றவில்லை என்று 221(ஜி) என்ற பிரிவின் கீழ் ஒரு தாளைக் கையில் கொடுத்து அனுப்புகிறார்கள். விசா நிராகரிப்புதான் அது, ஆனால் புது ஸ்பான்சரின் தாள்களைக் கொடுத்தால் மறுபடி பார்ப்பார்கள். ஓராண்டுக்குள் கொடுக்காவிட்டால் மறுபடி முதலிலிருந்து. மருத்துவச் சான்று பெரும்பாலும் ஆறு மாதம்தான் செல்லும், தாமதமானால் அதையும் மறுபடி எடுக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் அந்தத் தாளோடு திரும்பிய பெண்ணின் வீட்டில் இரண்டு பெட்டிகள் கட்டியபடியே சுவரோரம் கிடந்தன. வேலையை ராஜினாமா செய்துவிட்டுப் பையனின் பள்ளி மாற்றுச் சான்றிதழும் வாங்கியிருந்தாள். அவளுக்கு ஸ்பான்சர் செய்தவர் முன்பு போட்ட கையெழுத்துகளைப் படிவத்தில் எழுதவில்லை, முடிந்துபோன விஷயம் என்று எண்ணியிருந்தார்.

மறந்தாலும் மறைத்தாலும் படிவத்தின் கடைசியில் 'பொய் என்றால் தண்டனைக்குரியது' என்ற உறுதிமொழியின் கீழ்தான் கையெழுத்து. அதில் சோஷியல் செக்யூரிட்டி எண்ணைக் கொடுக்கிறோம். பழைய ஐ-864கள் அரசிடம் இருக்கின்றன.

பொறுப்பு வெறும் சடங்கு, யார் வந்து கேட்கப் போகிறார்கள் என்ற பேச்சையும் கேட்கிறேன். 1996இல் வந்த குடியேற்றச் சட்டத் திருத்தம்தான் இந்தப் படிவத்தை நீதிமன்றத்தில் செல்லுபடியாகும் ஒப்பந்தமாக்கியது. 1997 டிசம்பர் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. வந்தவர் அரசின் குறிப்பிட்ட சில உதவிகளை வாங்கினால் அரசு ஸ்பான்சரிடம் அந்தப் பணத்தைக் கேட்கலாம். வந்தவரே ஸ்பான்சர் மீது வழக்குப் போடலாம், போட்டு ஜெயித்தும் இருக்கிறார்கள். 2012இல் ஏழாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் லியூ எதிர் மண்ட் என்ற வழக்கில், விவாகரத்தான மனைவி வேலை தேடவில்லை என்பதைக் காட்டி முன்னாள் கணவன் தன் பொறுப்பைத் தட்டிக் கழிக்க முடியாது என்று சொன்னது. கணவன் மனைவிக்குள் வந்த வழக்கு அது. ஆனால் ஜாயின்ட் ஸ்பான்சர் கையெழுத்துப் போடுவதும் அதே படிவத்தில்தான். நண்பரும் அவர் மனைவியும் பிரிந்து போனால் உங்கள் கையெழுத்து பிரியாது. ஸ்பான்சர் வீடு மாறினாலும் 30 நாளுக்குள் ஐ-865 என்ற படிவத்தில் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும், தெரிவிக்காவிட்டால் அபராதம் உண்டு. இந்தக் கடைசி விஷயத்தைச் செய்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

இவ்வளவும் எழுதுவது யாரையும் பயமுறுத்தி உதவியை நிறுத்துவதற்கு இல்லை. என் அண்ணனுக்கு வேலை இல்லாத நேரத்தில் ஒரு நண்பர் நின்று கொடுத்த கையெழுத்தால்தான் எங்கள் அண்ணி வந்து சேர்ந்தார். அந்த வீட்டுக் கல்யாணங்களில் அந்த நண்பர்தான் இன்றும் முதல் ஆள். நல்ல மனசுக்காரரிடம் போய் நிற்கும் நண்பருக்கு, "இதுக்கு முன்னாடி யாருக்கெல்லாம் போட்டிருக்கீங்க?" என்று கேட்பது மரியாதைக் குறைவாகத் தோன்றுகிறது. உதவி செய்பவருக்கோ, "என் வீட்டுல ஏற்கெனவே எட்டுத் தலை இருக்கு" என்று சொல்வது தட்டிக் கழிப்பதாகத் தோன்றுகிறது. இருவரும் கூச்சப்பட்டு விட்டுவிட்ட அந்தக் கேள்வியை அதிகாரி மும்பையில், கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பெண்ணிடம் கேட்கிறார். அவளுக்குப் பதில் தெரியாது.

ஒவ்வொரு ஐ-864இன் நகலையும் ஒரே கோப்பில் போட்டு வையுங்கள். யாருக்காக, எந்த ஆண்டு, அவர் கிரீன் கார்டு வாங்கிய தேதி என்ன என்று மேலே எழுதுங்கள். ஆண்டுக்கொரு முறை, வரிக்கணக்குப் போடும்போது, அவர்களுக்கு ஒரு போன் போட்டு யாருக்குக் குடியுரிமை வந்தது, யார் ஊரோடு போய்விட்டார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போட்டு அனுப்பிய பிறகு மனம் மாறினாலோ, உங்கள் வேலை போனாலோ, உங்களை நம்பி இருப்பவரிடம் அன்றே சொல்லுங்கள். குடியேற்ற விசா கைக்கு வரும்வரை, அல்லது இங்கேயே இருந்து மனுப் போட்டவர் என்றால் கிரீன் கார்டு முடிவாகும்வரை, எழுத்து மூலம் ஒப்பந்தத்தைத் திரும்பப் பெறலாம். அந்த அவகாசத்தில் அவர் வேறொருவரைத் தேடிக்கொள்ள முடியும். விசாவோடு அவர்கள் வந்து இறங்கிய பிறகு அந்த வழி இல்லை.